மஞ்சு வெட்டும் மிஷின்

ஏலமுடியில் மஞ்சு என்கிற மூடுபனி இறங்கினால் இறங்கியதுதான். எப்போது விலகும் என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள், உள்ளூர்க்காரர்களுக்கு அப்படிக் கேட்கும் பழக்கமே கிடையாது. பால் ஊற்ற வருகிறவர் வீட்டைக் கண்ணால் தேடாமல் எந்த வாசலில் எந்த நாய் குரைக்கிறது என்று கேட்டுப் படியேறுவார், எதிரே வந்தவர்மேல் மோதிய பிறகுதான் "யாரு, போஜனா?" என்று விசாரிப்பார்கள், கல்யாண ஊர்வலம் ஒன்று வழி தவறி வேறொரு கல்யாணத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்த கதையும் அந்த ஊரில் உண்டு, சாப்பாடு நன்றாக இருந்ததாகத்தான் எல்லோரும் சொன்னார்கள். இப்படி மனிதர்கள், மாடுகள், கேரட், தேயிலை, கோயில் மணி, சர்ச் மணி எல்லாமே மஞ்சோடு ஒத்துப்போய்விட்ட அந்த மலையூரில் ஒத்துப்போகாதது ஒன்றே ஒன்றுதான். அது இன்னாசியின் மனைவி செசிலி டீச்சருடைய நெஞ்சு.

டீச்சர் என்றால் பால்வாடி டீச்சர். ஊரில் பாதிப்பேருக்கு மூக்கு சிந்திவிட்டவள், மீதிப் பாதிக்குச் சிலேட்டில் அனா ஆவன்னா எழுதக் கை பிடித்தவள். மஞ்சு கனத்துவிட்டால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும்; முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்குவாள், வாசல்படி ஏறுவதற்குள் பாதியில் நின்று, பூச்செடியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்குவாள். "கீழ போயிடுங்கம்மா, சமவெளிக் காத்து பட்டாலே பாதி சரியாயிடும், இங்கயே இருந்தீங்கன்னா அடுத்த குளிருக்கு நான் பொறுப்பில்ல" என்று டவுன் டாக்டர் கையை விரித்துவிட்டார். சிறுமுகையில் தங்கை வீட்டு மாடி காலியாகத்தான் கிடந்தது. ஆனால் செசிலி அசையவில்லை. அவளுடைய சம்பளத்தில் கல் கல்லாகக் கட்டிய வீடு அது, அதன் சிவப்பு சிமெண்ட் தரையைத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியுமளவுக்குக் கொண்டுவந்தது அவள் கை. "இந்த வீட்டை விட்டு நான் போறதுன்னா நாலு பேர் தூக்கிட்டுத்தான் போகணும்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் இன்னாசி எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவார்.

அந்தக் கொட்டகைதான் அவருடைய உலகம். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற இன்னாசி, வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாக்களில் ஆளில்லாமல் கிடந்த தோட்ட மிஷின்களை எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போவதற்கு முன்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டு வந்து உயிர்ப்பிப்பார். கையால் சுற்றும் மருந்தடிப்பான், பெட்ரோலில் ஓடும் மண்வெட்டி, வேலிச்செடியை நறுக்கும் கத்தரி மிஷின் என்று அவர் கொட்டகையில் ஓடாதது எதுவுமில்லை. ஓடவைத்து அப்படியே மூலையில் நிறுத்திவிடுகிற ஆளும் இல்லை அவர், சர்ச் வளாகத்துக்கு ஒன்று, பள்ளிக்கூடத்து வேலிக்கு ஒன்று என்று எல்லாவற்றையும் வேலைக்குக் கொண்டுபோவார். ஊர்க்காரர்கள் அதைப் பொழுதுபோக்கு என்று நினைத்தார்கள். உண்மை என்னவென்றால், பெண்டாட்டியின் நெஞ்சைக் கழற்றித் துடைத்து மாட்ட முடியவில்லையே என்ற ஆற்றாமையை அவர் கார்புரேட்டர்களின்மேல் தீர்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் பழைய தோட்டக்காரர்கள் கிளப்பை இடித்தபோது, விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு புல்வெட்டும் மிஷின் வெளிப்பட்டது. எருமைக்கன்று கனம், பெயர்த்தகடு தேய்ந்து எழுத்தே தெரியவில்லை, பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளை, முன்னால் வெட்டிய புல் வந்து விழ ஒரு தகரப்பெட்டி, நடுவில் முறுக்கிய பிளேடுகள் வைத்த சிலிண்டர். துரு ஏறி அந்தச் சிலிண்டர் கீழ்பிளேடோடு ஒன்றாகிக் கிடந்தது. இன்னாசி அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார், எண்ணெய் விட்டார், மரச்சுத்தியலால் செல்லமாகத் தட்டி "வா சாமி, வா, கோவிச்சுக்காத" என்று கெஞ்சினார். கார்புரேட்டரில் குளவி கூடு கட்டியிருந்தது, தீப்பொறி தரும் மேக்னட்டோவுக்குப் புதிதாகக் காயில் சுற்றவேண்டியிருந்தது, செயினுக்கு ஒரு பழைய மொபெட் தன் உறுப்பைத் தானம் செய்தது. கடைசியில் பிளேடுகளுக்கு கிரைண்டிங் பேஸ்ட்டைப் பூசி சிலிண்டரைப் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றிச் சாணை ஏற்றி, செய்தித்தாளைக் கீற்றாகக் கிழித்து நடுவில் கொடுத்துப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எங்கே கொடுத்தாலும் காகிதம் சத்தமில்லாமல் துண்டாகி விழுந்தபோது, தனக்குத்தானே ஒரு பீடியைப் பரிசளித்துக்கொண்டார்.

ஓட்டிப்பார்க்க எடுத்த அன்று காலை நல்ல மஞ்சு, கொட்டகையிலிருந்து வீடு தெரியவில்லை. ஈரப்புல்லில் இறக்கினால் பிளேடு அடைத்துக்கொள்ளும் என்பதால், பிளேடைப் புல் எட்டாத உயரத்துக்குத் தூக்கிவைத்து, எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்கலாம் என்றுதான் அவர் மிதித்தார். எஞ்சின் இருமிற்று, துப்பிற்று, பிறகு நெடுநாள் பட்டினி கிடந்தவன் சோற்றைக் கண்டதுபோல் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. காற்றில் வெறுமனே சுற்றவேண்டிய பிளேடுகள் எதையோ கறுக்மொறுக்கென்று மேய்ந்தபடி முன்னே போக, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்னாலேயே போன இன்னாசி, வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்தார். மிஷினின் அகலத்துக்கு மஞ்சில் ஒரு தெரு விழுந்திருந்தது. அடியில் அறுபட்டதால் மேலே நின்றதும் கதிர் சாய்வதுபோல் சாய்ந்து பெட்டிக்குள் வந்துவிட்டிருக்க, அந்தத் தெருவின் இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர், அதற்கு மேலே நீலமாய் ஒரு கீற்று வானம். பெட்டி நிறைய, நனைத்த பஞ்சு மாதிரி மஞ்சு.

செசிலி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, மஞ்சை வெட்டிட்டீங்களா?"

"ம். கொட்டகை பக்கத்துல கொஞ்சம் கோணலாப் போச்சு" என்றார் இன்னாசி.

"காப்பி ஆறுது. குடிச்சிட்டு அந்தக் கோணலை நிமித்துங்க."

அவர் காப்பியைக் குடித்துவிட்டு வளாகம் முழுவதையும் வெட்டினார். அன்றைக்கு மதியம் செசிலி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள், மறுநாள் படியேறும்போது பூச்செடியைப் பார்க்காமல் ஏறினாள், மூன்றாம் நாள் ஒற்றைத் தலையணையோடு படுத்துவிட்டாள். இன்னாசிக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்போல் இருந்தது. நெடுங்காலமாகக் கேட்டு மறுக்கப்பட்ட ஒன்று, ஒரு கிழட்டு இரும்பு வழியாகக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று அவர் நினைத்தார். யார் கொடுத்தது என்று ஆராயவில்லை; கொடுத்ததை மிஷின்காரன் ஆராய்ந்தால் கழற்றத் தோன்றும், கழற்றினால் போய்விடும் என்ற பயம்.

ஊருக்கு விஷயம் தெரிய எவ்வளவு நேரம்? முதலில் வந்தவர் போஜன், பக்கத்துக் கேரட் தோட்டக்காரர். "ஏனுங் இன்னாசியண்ணா, நம்ம லாரி திரும்பற எடத்துல மட்டும் ரெண்டு இழுப்பு இழுத்துவிடுங்களேன்" என்றார், ஏதோ கடப்பாரை இரவல் கேட்பதுபோல். இழுத்துவிட்டார். அதன்பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு, பஸ் நிறுத்தத்துக்கு ஒரு தெரு, ரேஷன் கடைக்கு ஒரு தெரு, மாரியம்மன் சப்பரத்துக்குச் சப்பரத்தின் அகலத்துக்கு ஒரு பெரிய தெரு, பெட்ரோலுக்கு ஊரே கேனோடு வந்து நின்றது. காலையில் எழுந்ததும் இன்னாசி மிஷினை மிதிக்கும் சத்தம் கேட்டால்தான் ஏலமுடிக்கு விடிந்த மாதிரி ஆயிற்று. கல்யாணப் பத்திரிகைகளில் "மஞ்சு வெட்டி வரவேற்கப்படும்" என்று ஒரு வரி சேர்ந்தது. தெரு நேராகப் போய் எதிர்வீட்டு அடுப்படியில் முட்டியதால், அந்த வீட்டில் தினமும் உப்புமாதான் என்பது ஊருக்கே தெரிந்து அதில் ஒரு சண்டை வந்தது. மஞ்சை நம்பி மறைவாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு ஜோடி வெட்டவெளியில் மாட்டிக்கொள்ள, இரண்டு வீட்டாரும் வேறு வழியில்லாமல் தேதி குறித்தார்கள், அவர்களுக்கும் தெரு வெட்டித் தந்தார் இன்னாசி.

வெட்டிய மஞ்சும் வீணாகவில்லை. பால் சொசைட்டியில் ஒரு பெட்டியை சிமெண்ட் தரையில் கொட்டி அதன் நடுவே கேன்களை வைத்தார்கள், பால் திரியவே இல்லை. காளான் விற்பவர் கூடையில் ஒரு பிடி வைத்துக்கொண்டார். காய்ச்சல் கண்ட பிள்ளைகளின் நெற்றியில் பற்றுப்போட ஒரு கிண்ணம் வாங்கிப் போனார்கள். ஆனால் தினமும் விழுகிற மஞ்சு தினமும் தேவைப்படுகிற மஞ்சைவிட எத்தனையோ பங்கு அதிகம், மிச்சத்தை எங்கே போடுவது? முதல் நாள் இன்னாசி தன் வீட்டு எருக்குழியில்தான் கொட்டினார். மறுநாள் காலையில் அது குழியில் வேர்விட்டு எழுந்து, அடுப்படி ஜன்னலை நோக்கி நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

இதில் ஏலமுடிக்காரர்கள் யாரும் திகைக்கவில்லை. அந்த மலையின் புல்லே அப்படித்தான், வெட்டிய துண்டு ஈரமண்ணில் விழுந்தால் விழுந்த இடத்தில் வேர்விடும். அதனால் வெட்டிய புல்லைத் தோட்டத்தில் வைக்கவே கூடாது, வாரிக்கொண்டுபோய்ச் சரிவில் கொட்டிவிட வேண்டும் என்பது அங்கே நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும். சரிவு என்றால் ஊரின் கீழ்விளிம்பு. களை, கோழி இறகு, உடைந்த பானை, வீட்டுக்கு வேண்டாத எதையும் அந்த விளிம்பில் நின்று தள்ளினால் போதும், தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு போய்விடும், அதற்குமேல் அது ஊரின் கவலை இல்லை. பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். மஞ்சையும் அங்கேதான் கொட்டினார்கள், பெட்டி பெட்டியாக, சிரித்துப் பேசிக்கொண்டே, மழைக்காலம் முடியும்வரை. மேலே நின்று பார்த்தால் சரிவுக்குக் கீழே எப்போதும் வெள்ளையாகத்தான் இருந்தது, வெள்ளையாக இருந்தால் மலைக்கு அழகுதானே என்று யாரோ சொன்னதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். இன்னாசியும் தலையாட்டினார்.

கார்த்திகையில் செசிலி சர்ச் படிகளை ஒரே மூச்சில் ஏறி, பாடகர் குழுவில் தன் பழைய இடத்தில் போய் நின்றாள். அந்த வாரத்தில்தான் சிவபாக்கியம் வந்தாள்.

சிவபாக்கியம் கீழ்லைனில் இருப்பவள். கீழ்லைன் என்பது சரிவுக்கு அடியில் எஸ்டேட்காரர்கள் கட்டிவிட்ட நீளமான தகரக்கூரை வீடுகள். அதற்குப் பாதை மலையைச் சுற்றிக்கொண்டு போகும், ஆகவே மேலூர்க்காரர்கள் அங்கே போகிற வழக்கமில்லை, அங்கிருந்துதான் மேலே வருவார்கள். கொழுந்து கிள்ளுகிறவள், அவள் மகள் செசிலியிடம் சிலேட்டுப் பிடித்தவள். தலைமுடியெல்லாம் பொடிப்பொடியாய் ஈரம், புடவை காயாமல் உடம்போடு ஒட்டியிருந்தது. வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா சிவபாக்கியம். ஏன் இப்புடி நனைஞ்சு வந்திருக்க, வெளியில வெயிலடிக்குது?" என்றாள் செசிலி.

"எங்க பக்கம் இல்லைங்க டீச்சர். ஒரு விஷயம் கேட்டுப் போகத்தான் வந்தேன். உங்களுக்கு இழுப்பு இருந்துச்சில்ல, இப்ப நல்லா ஆயிருச்சுன்னு சொன்னாங்க. கோயில்ல பாட்டெல்லாம் பாடுனீங்களாம். என்ன மருந்துங்க டீச்சர் சாப்பிட்டீங்க? பேரு சொன்னீங்கன்னா டவுன்ல வாங்கிருவேன்."

"யாருக்கு?"

"பேத்திக்கு. அவளுக்கு மட்டும் இல்லைங்க, லைன்ல நாலஞ்சு பிள்ளைங்களுக்கு. பெரியவங்களுக்கும்தான். இந்த வருசம் என்னமோ மஞ்சு எங்க வீட்டை விட்டுப் போகவே மாட்டேங்குது. தீப்பெட்டி பத்தலை, துணி காயலை, கொழுந்து ஈரமா இருக்குன்னு கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்புறாரு. அதெல்லாம் பரவால்லைங்க. பிள்ளை மூச்சு வாங்குறதைத்தான் பாக்க முடியல."

கொட்டகை வாசலில் பிளேடுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த இன்னாசி எல்லாவற்றையும் கேட்டார். கை அதுபாட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்து, எண்ணெய் வழிந்து தரைக்குப் போயிற்று. சண்டைக்கு வந்திருந்தால் அவருக்குப் பதில் இருந்திருக்கும். மருந்தின் பெயரை அல்லவா கேட்கிறாள்.

செசிலி செருப்பை மாட்டிக்கொண்டாள். "வா, பிள்ளையைப் பார்த்துட்டு வர்றேன்." இன்னாசி தடுப்பதற்குள் இரண்டு பெண்களும் வளைவு தாண்டிவிட்டார்கள்.

அவள் திரும்பி வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. இன்னாசி ஓடிப்போய்ப் பிடித்து, நாற்காலியில் உட்காரவைத்து, மருந்தை உறிஞ்சக் கொடுத்து, வெந்நீர் வைத்து, வாய்க்கு வந்தபடி திட்டினார். எல்லாம் முடிகிறவரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து அவர் உள்ளங்கையில் கொட்டினாள். ஈரமான டேலியா இதழ்கள், கருஞ்சிவப்பில். அந்த நிறத்து டேலியா ஏலமுடியில் அவர்கள் வளாகத்தில் மட்டும்தான் பூக்கும்.

"சிவபாக்கியம் வீட்டுக்குள்ள, தொட்டிலுக்கு மேல நிக்குது மஞ்சு. அதுக்குள்ள நம்ம பூ கிடக்குதுங்க."

"மஞ்சுன்னா எங்கயும்தான் இருக்கும்."

"நம்ம கொட்டகை மண்ணெண்ணெய் நாத்தம் எங்கயும் இருக்குமா? அது நீங்க வெட்டுனது. நான் மூச்சு விடறதுக்காக நீங்க வெட்டுனது."

இன்னாசிக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம், ஆகவே பக்கத்தில் இருப்பவள்மேல் பாய்ந்தது. "ஆமா, வெட்டினேன். இன்னமும் வெட்டுவேன். எனக்கு ஊரும் வேண்டாம், லைனும் வேண்டாம். நீ கண்ணு முன்னால உசுரோட இருந்தாப் போதும். இது தப்புன்னா நான் தப்பானவனாவே இருந்துட்டுப் போறேன்" என்று கத்தினார். கத்திவிட்டு, கையிலிருந்த இதழ்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். செசிலி அவர் முகத்தையே பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இல்லாததுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை முற்றத்தில் ஊர் கூடிற்று. கவுன்சிலர் ருக்குமணி அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, செசிலி நின்றபடி நடந்ததைச் சொன்னாள். ஏலமுடிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. கேட்டதும் நிஜமாகவே பதறிப்போனார்கள், "அடக் கடவுளே, பச்சைப் பிள்ளைங்களா" என்று பெண்கள் கன்னத்தில் கைவைத்தார்கள், நாளைக்கே இன்னாசியண்ணன் மிஷினைக் கீழே இறக்கி அந்த மஞ்சையெல்லாம் வெட்டி மேலே கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒரே குரலில் தீர்மானம் ஆயிற்று, தூக்க ஆள் தருகிறேன், ஜீப் தருகிறேன், சாப்பாடு போடுகிறேன் என்று கைகள் உயர்ந்தன.

"நம்ம மஞ்சை நம்மதானுங்க வெச்சுக்கணும், அதுதான் நாயம்" என்றார் போஜன், கண் கலங்கி.

"சரி, எங்க வெக்கிறது?" என்று கேட்டாள் கவுன்சிலர்.

அவ்வளவுதான், முற்றத்தில் மஞ்சு இல்லாமலே யாருக்கும் யாரையும் தெரியாமல் போயிற்று. மண்ணில் கொட்டினால் வேர்விடும். பால் சொசைட்டியில் கொட்டியது மட்டும் அப்படியே கிடக்கிறது, ஆக சிமெண்ட் தரையும் நாலு சுவரும் கதவும் இருக்கிற இடம் வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள், சர்ச்சில் பூசை நடக்கிறது, கோயிலில் அம்மன் இருக்கிறாள். போஜனுக்குச் சிமெண்ட் போட்ட கேரட் கிடங்கு இருந்தது, அவர் அதைப்பற்றிப் பேசாமல் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு புதிதாகக் கட்டியவர் ஒருவர், தன் வீட்டில் சிமெண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை என்றார், அவர் குடிபோய் நாலு வருஷம் ஆகியிருந்தது. இன்னாசி தலை குனிந்து மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார். கூட்டம் இப்படியே கலைந்துவிடட்டும், யாரும் இடம் தராமலே போகட்டும், நாளைக்கும் நான் என் வளாகத்தை மட்டும் வெட்டிக்கொள்கிறேன், ஆண்டவரே, இந்த ஒரு கெட்ட வேண்டுதலை மட்டும் கேட்டருளும்.

"எங்க வீட்ல போடுங்க" என்றாள் செசிலி.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நாலு ரூம் இருக்கு, அடுப்படி, சாமான் ரூம் இருக்கு. தரை நல்ல தரை, நான் போட்டது, ஒரு வெடிப்பு கிடையாது. நாங்க சிறுமுகைக்குப் போறோம்."

"டீச்சர்..." என்று கவுன்சிலர் எழுந்தாள். அவளுக்கும் மூக்கு சிந்திவிட்டவள்தான் செசிலி.

வீட்டுக்கு வந்து கேட்டைத் திறக்கையில் இன்னாசி, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க. நானும் சரின்னு இருந்திருப்பேன். அந்த பயத்துலதான் கேக்கல" என்றாள் அவள். அவர் கொட்டகைக்குப் போய், பிளேடுகளை மறுபடி சாணை பிடித்தார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கொஞ்ச நேரம் அழுதார்.

மிஷினைக் கயிறு கட்டிச் சரிவில் இறக்கினார்கள். கீழ்லைன் மஞ்சு மேலூர் மஞ்சு மாதிரி மெத்தென்று இல்லை, கொட்டக் கொட்ட அமுங்கி, ஒன்றன்மேல் ஒன்று வேரோடிப் பின்னிக் கிடந்தது, இரண்டு சால் ஓட்டினால் பிளேடு மழுங்கும். இன்னாசி லைன் வாசலிலேயே உட்கார்ந்து பிளேடைக் கழற்றித் தீட்டி மாட்டுவார், சிவபாக்கியம் கறுப்புத் தேநீர் கொண்டுவந்து வைப்பாள், "உங்களுக்குத்தான் சிரமம்" என்பாள், அவரால் அந்த டம்ளரை நிமிர்ந்து பார்த்து வாங்க முடியாது. மேலூர் ஆட்களும் லைன் ஆட்களும் வரிசையாக நின்று பெட்டிகளைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்த மேலூர்க்காரர்கள் பலர், லைன் வீடுகளை அவ்வளவு பக்கத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கி அவர்களைப் போலவேதான் வைத்திருந்தார்கள். அங்கே கிடந்த பானை ஓடுகளையும் பார்த்தார்கள், சிலருக்குத் தங்கள் வீட்டுப் பானையே அடையாளம் தெரிந்தது. பிறகு அவர்கள் கொஞ்சம் வேகமாகத் தூக்கினார்கள்.

முதலில் சாமான் அறை நிறைந்தது, பிறகு விருந்தாளி அறை, பிறகு கூடம். செசிலி ஒவ்வோர் அறையையும் பெருக்கித் துடைத்த பிறகுதான் உள்ளே கொட்டவிட்டாள். "இருக்கப்போறது மஞ்சுதானே டீச்சர்" என்று யாரோ சொன்னதற்கு, "யாரா இருந்தா என்ன, நம்ம வீட்டுக்கு வர்றதுதானே" என்றாள். அறைகள் நிறைய நிறைய அவர்கள் இருவரும் பின்வாங்கி, படுக்கையறை, அப்புறம் அடுப்படி என்று ஒதுங்கினார்கள். அவளுக்கு இழுப்பு திரும்பிவிட்டது. கீழ்லைனில் முதல் வெயில் விழுந்த அன்று, கொடியெல்லாம் துணியாய்க் காய்வதை விளிம்பில் நின்று பார்த்துவிட்டு வந்து, உட்கார்ந்தபடியே தூங்கினாள். கடைசிப் பெட்டி அடுப்படிக்கு. அதை மற்றவர்கள் தூக்க இன்னாசி விடவில்லை. தன் கையாலேயே கொண்டுவந்து, அவள் நின்று நின்று நிறம் மங்கிய இடத்தில் கொட்டினார். அது நிதானமாகப் பரவி அடுப்பை மூடிற்று, அலமாரியை மூடிற்று, நாள்காட்டியை மூடிற்று. செசிலி கதவைச் சாத்தி, ஒருமுறை தள்ளிப் பார்த்துக்கொண்டாள்.

மிஷினை இன்னாசி சர்ச் கொட்டகையில் விட்டார். பிளேடைக் கீழே இறக்கிப் புல் உயரத்துக்கு வைத்துவிட்டு, யாருக்கு மஞ்சு வெட்டவேண்டுமோ அவர்கள் அதை உயர்த்தி வெட்டிக்கொள்ளலாம், வெட்டியதை அவரவர் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்று சொன்னார். யாரும் மிஷினைக் கேட்டு வரவில்லை. இன்றைக்கும் ஏலமுடியில் ஒருவர்மேல் ஒருவர் மோதிய பிறகுதான் பேர் விசாரித்துக்கொள்கிறார்கள், பால்காரர் நாய்க்குரலைக் கேட்டுத்தான் படியேறுகிறார்.

பஸ் நிறுத்தத்துக்கு ஊரே வந்திருந்தது, கீழ்லைனும் வந்திருந்தது. சிவபாக்கியத்தின் பேத்தி இடுப்பில் இருந்தபடி செசிலியின் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது. பஸ் முதல் வளைவில் திரும்பியபோது இன்னாசி ஜன்னலில் தலையை நீட்டினார்.

"திரும்பிப் பாக்காதீங்க. அப்புறம் எனக்கும் பாக்கணும்னு இருக்கும்" என்றாள் செசிலி. அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவாக இறங்க இறங்கக் காற்று சூடாயிற்று.

சிறுமுகையில் தங்கை வீட்டு மாடியில் வெயில் அடுப்பாய்க் காய்ந்தது. செசிலிக்கு வேர்க்குரு வந்தது, கொசு கடித்தது, பவானித் தண்ணீரில் வைத்த காப்பி பிடிக்கவில்லை, மூச்சு மட்டும் வெண்ணெயாக இறங்கிற்று. மாசி பிறந்து ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு இருவரும் வடக்கு ஜன்னலில் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தது, அதன் தலைமேல் ஒரு வெள்ளைத் துண்டு.

"ஏங்க, நம்ம வீட்டுக்குள்ள இப்ப மஞ்சு என்ன பண்ணிட்டு இருக்கும்?"

இன்னாசி யோசித்தார். "மதியம்தானே. பாத்திரம் கழுவி வெச்சிட்டுப் படுத்திருக்கும்."

செசிலி சிரிக்க ஆரம்பித்தாள். இன்னாசி பழக்கத்தில் தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்துவிட்டார். பன்னிரண்டு வருஷமாக, மஞ்சு வெட்டிய மாதங்களில்கூட, அவள் எதற்குச் சிரித்தாலும் பாதியில் இருமல் வந்து அறுத்துவிடும், மீதிச் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. இருமல் வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டே போனாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், அவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். சிரித்து முடித்த பிறகு அவள் வீட்டை நினைத்து அழுதாள். அழுது தீர்க்கவும் அவளிடம் மூச்சு இருந்தது.